மலைக்கு ஏற்ற இடுப்புக் கத்தியை வாங்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு மார்கழிக் காலை. கொடைக்கானல் மலையில், தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் காப்பித் தோட்டத்தில் கல்யாண முருங்கை மரத்தோடு மிளகுக் கொடியைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். பழைய கயிற்றின் முடிச்சு பனியில் ஊறி இறுகியிருந்தது. கத்தி முனையை முடிச்சுக்குள் விட்டு லேசாக நெம்பினேன். டப்பென்று ஒரு சத்தம். பிடி கையில், அலகு புல்லுக்குள்.

‘ஹன்டிங் நைஃப்’ என்று போட்டிருந்ததைப் பார்த்து ஆன்லைனில் வாங்கிய கத்தி அது. விலை 899 ரூபாய். முதுகில் ரம்பப் பல், பிடியின் அடியில் திசைகாட்டி, பிடிக்குள்ளே தீக்குச்சியும் தூண்டில் முள்ளும். ஒடிந்த பிடிக்குள் எட்டிப் பார்த்தால் வெறும் குழாய். அலகின் வால் கட்டைவிரல் நகத்தளவுக்குத்தான் உள்ளே போயிருந்தது, அதையும் துருவேறிய ஒரு நட்டுதான் பிடித்துக்கொண்டிருந்தது. திசைகாட்டி மட்டும் ஒழுங்காக வடக்கைக் காட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது, வழக்கமாக அரிவாள் தட்டிக் கொடுக்கும் ஆசாரியிடம் இரண்டு துண்டையும் காட்டினேன். அவர் அலகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒடிந்த இடத்தைத்தான் விரலால் தடவினார். “அலகைப் பாத்து வாங்கியிருக்கீங்க தம்பி. காம்பைப் பாக்கலையே” என்றார்.

அதற்குப் பிறகு நான் கத்தி பார்க்கும் முறையே மாறிவிட்டது. கத்தியில் கண்ணுக்குத் தெரிகிற பாகம் அதிகம் ஏமாற்றாது. மறைந்திருக்கும் மூன்று இடங்கள்தான் ஏமாற்றும்: பிடிக்குள் போகும் காம்பு, இரும்புக்குள் இருக்கும் தோய்ச்சல் (காய்ச்சி முக்கி ஏற்றிய கெட்டி), உறையின் உட்புறம். காசு கொடுப்பதற்கு முன்னால் இந்த மூன்றையும் எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

வேட்டையே கிடையாது, பிறகு எதற்கு வேட்டைக் கத்தி?

முதலில் சட்டத்தைப் பேசிவிடுவோம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மலையில் வேட்டை என்பது குற்றம். கண்ணி வைப்பதும் துரத்துவதும்கூட அந்தச் சட்டத்தின் கணக்கில் வேட்டைதான். பன்றி வந்து கிழங்கைத் தோண்டிப் போட்டாலும் நாம் வனத்துறையிடம்தான் போய் நிற்க வேண்டும்.

ஆனாலும் வேட்டைக் கத்தி என்று உலகம் முழுக்க விற்கும் அந்த வடிவம், அதாவது இடுப்பில் தொங்கும், மடங்காத, நான்கு அங்குல அலகுள்ள சின்னக் கத்தி, நம் மலை வேலைக்கு அருமையாகப் பொருந்தும். கயிறு அறுக்க, உரச்சாக்குத் தையலைப் பிரிக்க, மூங்கில் பிளாச்சு சீவ, சொட்டுநீர்க் குழாயை நறுக்க, கோழி சுத்தம் செய்ய, வாழைச் சருகு கழிக்க என்று ஒரு நாளில் முப்பது தடவை கை அதைத் தேடும். கோயில் கிடாவெட்டுக்குத் தோல் உரிக்கும்போது அந்த வடிவத்தின் அருமை இன்னும் நன்றாகப் புரியும்.

எடுத்துக்கொண்டு எங்கே போகலாம் என்பதிலும் கவனம் வேண்டும். கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு சுமார் 600 சதுர கிலோமீட்டர். சரணாலயத்துக்குள் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. அந்தச் சட்டம் ஆயுதம் என்று சொல்லும் பட்டியலில் கத்தியும் வருகிறது. ஆகவே பேரிஜம் ஏரிப் பக்கம் நடைப்பயணம் போகிறவர்கள் கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு தனி வகையில் வரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. நாம் பேசுவது அதில் பாதி நீளம்கூட இல்லாத கத்தியை. இருந்தாலும் அதை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கத் தேவையில்லை. துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையைப் பிரியுங்கள்

ஒரே கத்தியால் எல்லா வேலையும் செய்துவிடலாம் என்ற ஆசைதான் முதல் தப்பு. உண்ணிச்செடி வெட்டவும் சில்வர் ஓக் கிளை கழிக்கவும் அரிவாளோ வெட்டுக்கத்தியோ வேண்டும். ஒட்டுக் கட்டுவதற்கு மெல்லிய தனிக் கத்தி வேண்டும். இடுப்புக் கத்தி இரண்டுக்கும் நடுவே நிற்பது. அதை வைத்து மரம் வெட்டினால் மரமும் விழாது, கத்தியும் தங்காது.

நீளமும் தடிமனும்

அலகு நான்கு அங்குலம் போதும். உள்ளங்கை அகலத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தால் சரி என்பது என் கணக்கு. ஆறு அங்குலத்துக்குப் போனால் குனிந்து உட்காரும்போது உறை தொடையைக் குத்தும், நான்காம் நாள் அது வீட்டுப் பரணில் இருக்கும்.

தடிமனில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கனமாக இருந்தால் உறுதி என்று நினைத்து ஆறு மில்லிமீட்டர் முதுகுள்ள கத்தியை வாங்குவார்கள். அது உருளைக்கிழங்கை நறுக்காது, பிளக்கும். முதுகு மூன்று மில்லிமீட்டரிலிருந்து நான்குக்குள் இருக்கட்டும். கடையில் அளக்க ஸ்கேல் இல்லையென்றால் பர்ஸில் இருக்கும் ஏடிஎம் கார்டு போதும். ஒரு கார்டின் தடிமன் முக்கால் மில்லிமீட்டர். நான்கை அடுக்கினால் மூன்று. அந்த அடுக்கைக் கத்தி முதுகோடு ஒட்டிவைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அதைவிட முக்கியம், வாய்க்கு, அதாவது வெட்டும் ஓரத்துக்கு, சற்று மேலே அலகு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது. பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் முதுகிலிருந்து வாய்ப் பக்கமாகப் பக்கவாட்டில் மெல்லத் தடவிக்கொண்டே வாருங்கள். சீராக மெலிந்துகொண்டே வர வேண்டும். கடைசி வரை தடியாக வந்து வாய் ஓரத்தில் மட்டும் திடீரென்று சரிந்தால் அது எத்தனை தீட்டினாலும் இறங்காத கத்தி.

முனை எப்படி இருக்க வேண்டும்? முதுகு மெல்லச் சரிந்து, முனை கொஞ்சம் தாழ்ந்து வருவதை எடுங்கள். சினிமாக் கத்தி போல் மேலே வளைத்துக் கூராக்கிய முனை அழகாகத்தான் இருக்கும். ஒரு கிடாவெட்டில் என் சித்தப்பா மகன் அப்படி ஒரு கத்தியைக் கொண்டு வந்தான். வயிற்றுத் தோலைக் கீறும்போது முனை ஒரு நெல்லளவு ஆழமாக இறங்கிக் குடலைத் தொட்டுவிட்டது. அதற்கப்புறம் அந்தக் கறியைக் கழுவி முடிக்க எத்தனை குடம் தண்ணீர் ஆனது என்று பெண்கள் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள். தாழ்ந்த முனையாக இருந்தால், வாயை மேல் பக்கமாகத் திருப்பி, இரண்டு விரலை இருபுறமும் கொடுத்துத் தோலைத் தூக்கிக்கொண்டே போகலாம். முனை உள்ளே பாயாது.

முதுகில் ரம்பப் பல் உள்ள கத்தி வேண்டவே வேண்டாம். மரத்தையும் அறுக்காது, மூங்கில் சீவும்போது முதுகில் பெருவிரல் வைத்து அழுத்தவும் விடாது.

இரும்பு: எந்த ஜாதி?

கத்தி கெட்டிப்படுவது அதிலிருக்கும் கரியால், அதாவது கார்பனால். கட்டடக் கம்பியிலும் சாதா இரும்புப் பட்டையிலும் கரி மிகக் குறைவு. அதை எத்தனை தடவை பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் வாய் நிற்காது. லாரி ஸ்பிரிங் பட்டையில் அரை சதவீதத்துக்கு மேல் கரி இருக்கும். அதனால்தான் பட்டறைகளில் அரிவாளுக்கும் கத்திக்கும் அதையே தேடுகிறார்கள். 1095 என்ற எண்ணில் வரும் எஃகில் கரி 0.95 சதவீதம் அளவில் இருக்கும். கூர் பிரமாதமாக நிற்கும், துருவும் அதே வேகத்தில் பிடிக்கும்.

துருப்பிடிக்காத வகைக்குக் குரோமியம் வேண்டும். குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால்தான் ஸ்டெயின்லெஸ் என்ற பெயரே. 14சி28என் என்ற ஸ்வீடன் எஃகில் 14 சதவீதம், 440சி-யில் 16 முதல் 18 வரை. டி2 என்று ஒன்று ஆன்லைனில் நிறைய வருகிறது. குரோமியம் 12 சதவீதம் இருந்தாலும் அதில் கணிசமான பங்கு கரியோடு சேர்ந்து கெட்டிப்பட்டுவிடுவதால் அது முழு ஸ்டெயின்லெஸ் இல்லை. நம் பனிக்கு அதில் புள்ளி புள்ளியாகத் துரு பூக்கும். நன்றாக உழைக்கும் எஃகுதான், ஆனால் வீட்டில் சாதாக் கல்லில் தீட்டுவதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

‘சர்ஜிகல் ஸ்டீல்’, ‘ஜப்பான் ஸ்டீல்’ என்றெல்லாம் எழுதியிருந்தால் அது எதையும் சொல்லவில்லை என்று அர்த்தம். எஃகின் எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நகருங்கள். அலகு முழுக்க அலை அலையாகக் கோடு போட்ட ‘டமாஸ்கஸ்’ கத்தி கண்ணைப் பறிக்கும். அடுக்கடுக்காக இரும்பைச் சேர்த்து அடித்தது என்றால் அந்தக் கோடு முதுகின் மேலும் ஓட வேண்டும். பக்கவாட்டில் மட்டும் இருந்து முதுகு வழவழவென்று வெறுமையாக இருந்தால், மேலே அச்சடித்தது என்று சந்தேகப்படுங்கள்.

எது வாங்கலாம் என்று கேட்டால் நான் ஆளைப் பார்த்துத்தான் சொல்வேன். தினமும் தோட்டத்தில் நிற்கிறவர், சாயங்காலம் கத்தியைத் துடைத்து வைக்கும் பழக்கம் உள்ளவர் என்றால் பட்டறையில் அடித்த ஸ்பிரிங் பட்டைக் கத்தி. சனி ஞாயிறுக்கு மதுரையிலிருந்து வந்து போகிறவர், கத்தியை ஈரத்தோடு பைக்குள் போட்டுவிட்டு அடுத்த மாதம் எடுப்பவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டெயின்லெஸ். அவருக்கு ஆசாரி கத்தி கிடைத்தால் இரண்டே மழையில் அதைக் கொன்றுவிடுவார்.

இரும்பு வேலை இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. தாண்டிக்குடியிலேயே பெருங்கற்காலக் கல்திட்டைகள் நிற்கின்றன, இரும்பு பழகிய காலத்து ஆட்கள் கட்டியவை. நொய்யல் கரையில் கொடுமணலில் எஃகு உருக்கிய உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் நீலகிரியில் தோடருக்கும் படகருக்கும் வேண்டிய இரும்புச் சாமான்களைக் கோத்தர்கள்தான் அடித்துக் கொடுத்தார்கள். இத்தனை இருந்தும் நான் கூரியரில் வந்த குழாய்ப்பிடிக் கத்தியை நம்பினேன் பாருங்கள்.

தோய்ச்சல்: பார்த்தால் தெரியாது, சோதித்தால் தெரியும்

நல்ல இரும்பும் தப்பான தோய்ச்சலில் வீணாகும். இதுதான் கத்தியின் உயிர் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அடித்து வடிவம் வந்த அலகை உலையில் செம்பழுப்பாகக் காய்ச்சுவார்கள். எவ்வளவு காய்ந்தால் போதும்? எங்கள் ஆசாரி பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைக் கம்பியில் கட்டி வைத்திருக்கிறார். இரும்பு 770 டிகிரியைத் தாண்டினால் காந்தத்தில் ஒட்டாது. பழுத்த அலகைக் குறட்டில் பிடித்துக் காந்தத்தின் பக்கம் காட்டுவார். ஒட்டாமல் போனதும் இன்னும் ஒரு மூச்சு நேரம் உலையில் வைத்து எடுத்து, பழைய எண்ணெய் ஊற்றிய தகர டின்னில் வாயை மட்டும் முக்குவார். புஸ்ஸென்று புகை வரும், எண்ணெய் கருகும் வாசம் ரோடு வரைக்கும் போகும். ஸ்பிரிங் பட்டையைத் தண்ணீரில் முக்கினால் சில சமயம் மயிரிழை போல் விரிசல் விட்டுவிடும். எண்ணெய்தான் அதற்குப் பாதுகாப்பு. வாயை மட்டும் முக்குவதால் வாய் கெட்டியாகும், முதுகு இளக்கமாக நின்று அடியைத் தாங்கும்.

அதோடு முடியவில்லை. தோய்ந்த வாய் கண்ணாடி போல் நொறுங்கும் நிலையில் இருக்கும். அதனால் மறுபடி மிதமாகச் சூடு காட்ட வேண்டும். அலகை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகுப் பக்கமிருந்து சூடு ஏற்றினால் நிறம் ஓடி வருவது தெரியும். வைக்கோல் மஞ்சள் வாயைத் தொடும்போது நிறுத்த வேண்டும், சுமார் 220, 230 டிகிரி. அதைத் தாண்டி ஊதாவும் நீலமும் வாய்க்கு வந்துவிட்டால் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். இந்த மறுசூட்டை அவசரக்காரப் பட்டறைகள் விட்டுவிடும். கத்தி கல்லில் பட்டதும் வாய் பொரிந்து வருவது அதனால்தான்.

வாங்குகிற நாம் மூன்று சோதனை செய்யலாம். முதலாவது அரம். சின்ன முக்கோண அரத்தை எடுத்து, பிடியை ஒட்டிய வாய் ஓரத்தில் மெல்ல இழுங்கள். வெல்லத்தைச் சீவுவது போல் அரம் இறங்கினால் தோய்ச்சலே இல்லை. வழுக்கிக்கொண்டு போய் அங்கங்கே லேசாக மட்டும் பிடித்தால் பதம் சரி.

இரண்டாவது பித்தளைக் கம்பி. விரல் தடிமனில் ஒரு கம்பியை மேஜை மேல் வைத்து, கத்தி வாயைச் சாய்வாக அதன் மேல் அழுத்தி, முழு நீளத்துக்கும் இழுங்கள். ஜன்னல் பக்கம் நின்று வாயை உற்றுப் பார்த்தால் அழுத்தும் இடத்தில் அது மயிரளவு வளைவது தெரியும். அழுத்தத்தை எடுத்ததும் திரும்பி நேராக வேண்டும். வளைந்தது வளைந்தபடி நின்றால் இளக்கம். துணுக்கு தெறித்தால் முறுக்கு, அதாவது நொறுங்கும் பதம். திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எந்தச் சோதனையையும்விட இதைத்தான் நான் நம்புகிறேன். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஆன்லைனில் வாங்கியிருந்தால், திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் வீட்டில் செய்து பாருங்கள்.

மூன்றாவது சத்தம். கத்தியைப் பிடியருகே இரண்டு விரலால் தளர்வாகத் தொங்கவிட்டு முதுகில் சாவியால் தட்டுங்கள். ணங்கென்று நீண்டால் நல்லது. டொக்கென்று செத்துப்போனால் உள்ளே விரிசலோ பிடி தளர்வோ இருக்கலாம். இது ஒரு குறிப்பு மாதிரிதான், இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

பட்டறையில் சொல்லி அடிக்கிறவர்களுக்கு இன்னொன்று. பட்டை ஒடிந்துபோய்க் கழித்த ஸ்பிரிங்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கலாம். ஒடிந்த இடத்தையும் நடு ஓட்டையையும் ஒட்டிய பாகத்தை விட்டுவிட்டு, ஓரத்துண்டில் அடிக்கச் சொல்லுங்கள்.

காம்பும் பிடியும்

என் கத்தி ஒடிந்த இடத்துக்கு வந்துவிட்டோம். பிடியின் கடைசி வரை, பிடியின் அகலத்துக்கே காம்பு ஓடி, இருபக்கமும் கட்டை வைத்து ஆணி அடித்தது முதல் தரம். பிடியின் முதுகையும் அடியையும் பார்த்தால் நடுவில் இரும்புக் கோடு தெரிய வேண்டும். நம் ஊர்ப் பழைய முறையில் காம்பு ஊசி போல் மெலிந்து கட்டைக்குள் போகும். அரக்கை உருக்கி ஊற்றி, முன்னால் பூண் மாட்டிவிடுவார்கள். காம்பு நீளமாக இருந்தால் அதுவும் பல வருடம் உழைக்கும். ஸ்வீடனில் செய்யும் மோரா கத்தி பலவற்றில் காம்பு பிடியின் முழு நீளத்துக்கும் போவதில்லை, அலகு தடிமனும் இரண்டரை மில்லிமீட்டர் அளவுதான், ஆனாலும் அதை ஒடிப்பது சுலபமில்லை. உள்ளே போன பாகம் போதுமான அகலத்தில் இருக்கிறது, பிளாஸ்டிக் பிடி அதன் மேலேயே வார்க்கப்பட்டிருக்கிறது. கூர்மையான மூலை இல்லாமல் காம்பு அலகோடு சேர்கிறதா என்பதுதான் கேள்வி. சேரும் இடத்தில் சதுரமாக வெட்டியிருந்தால் விரிசல் அங்கே தொடங்கும். அது உருண்டு வளைந்து சேர வேண்டும். பட்டறையில் கட்டை மாட்டுவதற்கு முன்பே போய் அந்த மூலையைப் பார்த்துவிடுங்கள். மாட்டிய பிறகு யாராலும் பார்க்க முடியாது.

கட்டைக்கு நான் கேட்டது காப்பி மரம். கவாத்து செய்து காய்ந்த முதிர்ந்த தண்டு எங்கள் வீட்டிலேயே கிடந்தது. கெட்டி, நெருக்கமான நார். கொய்யாவும் நல்லது. எது என்றாலும் ஒரு வருடமாவது நிழலில் காய்ந்திருக்க வேண்டும். பச்சைக் கட்டையை மாட்டினால் கோடையில் சுருங்கி ஆணி பல்லிளிக்கும், ஐப்பசியில் ஊதிக்கொள்ளும். ஆணி பித்தளையாக இருக்கட்டும். இரும்பு ஆணி உள்ளுக்குள் துருவேறிக் கட்டையைக் கருக்கும்.

பிடித்துப் பார்ப்பது எப்படி? கடையில் உலர்ந்த கையில் எல்லாப் பிடியும் நன்றாகத்தான் இருக்கும். உள்ளங்கையில் நான்கு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்துக்கொண்டு பிடித்துப் பாருங்கள். கிடா உரிக்கும்போது கொழுப்பேறிய கை அப்படித்தான் இருக்கும். முன்னால் குத்துவது போல் மெதுவாக ஒரு பலகையில் அழுத்துங்கள். கை வாய்ப் பக்கம் நழுவுகிறதா? நழுவினால் அந்தக் கத்திக்கு முன்தடுப்போ, விரல் தங்கும் பள்ளமோ போதவில்லை. நான் இதைச் செய்தபோது ஆசாரி சிரித்தார், அப்புறம் அவரே முன்பக்கக் கட்டையில் ஒரு மேடு விட்டுக் கொடுத்தார்.

வழவழப்பாக வார்னிஷ் அடித்த பிடி வேண்டாம். ஆளிவிதை எண்ணெயை இரண்டு மூன்று தடவை தடவிக் காயவிட்டால் போதும்.

உறை

தோலுறை அழகு. திண்டுக்கல்லில் தோல் பதனிடுவது பழைய தொழில் என்பதால் தோலுக்கும் நம் பக்கம் பஞ்சமில்லை. ஆனால் தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். பதனிட்ட உப்பும் துவர்ப்பும் அதில் தங்கியிருந்தால் இரண்டே நாளில் அலகில் ஆரஞ்சுப் புள்ளி. தோலுறையை வேலை நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டில் கத்தியை வெளியே எடுத்து வையுங்கள்.

என் உறை ஒரு அங்குல பிவிசி பைப். கத்தியை விட இரண்டு அங்குலம் நீளமாக நறுக்கி, கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டால் குழைந்துவிடும். நெருப்பில் நேராகக் காட்டாதீர்கள், கருகினால் வரும் புகை நெஞ்சைப் பிடிக்கும். கையுறையோடு எடுத்து, இரண்டு பலகைக்கு நடுவே வைத்து அழுத்தினால் ஏறக்குறைய இரண்டு அங்குல அகலத் தட்டையாகும். இறுகுவதற்குள் அட்டையில் சுற்றிய அலகை உள்ளே விட்டு, வாய்ப்பக்கம் இன்னொரு அழுத்து. ஆறியதும் அட்டையை உருவினால் அலகுக்குத் தேவையான இடம் மட்டும் மிஞ்சும். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை ஒன்று, பெல்ட்டுக்கு இரண்டு. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் கவிழ்த்துக் குலுக்கினாலும் கத்தி விழாது. கடையில் வாங்கும் பிளாஸ்டிக் உறைக்கும் இதே சோதனைதான்: கவிழ்த்துக் குலுக்குங்கள், அடியில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள்.

தீட்டுவதும் துடைப்பதும்

சைக்கிளில் சாணைச் சக்கரம் வைத்துக்கொண்டு வருகிறவரிடம் இந்தக் கத்தியைக் கொடுக்காதீர்கள். அவர் தொழில் மேல் குறையில்லை, அரிவாளுக்கு அது போதும். ஆனால் தண்ணீர் படாத சக்கரத்தில் தீப்பொறி பறக்கும்போது மெல்லிய வாய் நொடியில் நீலம் பாய்ந்துவிடும். மேலே சொன்ன அந்த நீலம்தான். ஆசாரி பார்த்துப் பார்த்து ஏற்றிய பதம் அங்கே இறங்கிவிடும். என் முதல் பட்டறைக் கத்தி ஒன்று அப்படித்தான் போயிற்று. முனையிலிருந்து அரை அங்குலம் இன்றுவரை கூர் நிற்பதில்லை.

வீட்டில் 400, 1000 என்று இருபக்கமும் உள்ள கல் ஒன்று போதும். ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி சாய்வு. டிகிரியைக் கண்ணால் அளக்க முடியாது என்பவர்களுக்கு ஒரு வழி: அலகின் அகலம் 25 மில்லிமீட்டர் என்றால், முதுகு கல்லிலிருந்து எட்டரை மில்லிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். பென்சில் தடிமனைவிடக் கொஞ்சம் அதிகம். கல்லை நனைத்து, ஒரு பக்கமே தேய்த்துக்கொண்டிருங்கள். மறுபக்கம் விரலால் தடவினால் முழு நீளத்துக்கும் மெல்லிய சுரசுரப்பு எழும்பும் வரை பக்கம் மாற்ற வேண்டாம். நிறையப் பேர் இந்த இடத்தில் பொறுமை இழந்து பத்துத் தேய்ப்புக்கு ஒரு தரம் திருப்புவார்கள், கத்தி ஒருநாளும் கூர் ஆகாது. இரண்டு பக்கமும் முடிந்ததும் பழைய பெல்ட்டின் உட்புறத்தில் முதுகுப் பக்கமாக இருபது இழுப்பு.

வாழை வெட்டினால் அலகு கறுக்கும். பயப்பட வேண்டாம், அந்தக் கறுப்பு துருவை ஓரளவு தடுக்கும் போர்வைதான். ஆரஞ்சு நிறத்தில் தூளாக உதிர்வதுதான் எதிரி. சாயங்காலம் துடைத்து, தையல் மிஷின் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டுத் தடவுங்கள். கறிக்கும் காய்க்கும் பயன்படுத்தும் நாளில் முதலில் கழுவிவிட்டு எடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் நாள்பட்டுப் பிசுக்காகும், போதாததற்கு மேல்மலைக் குளிரில் குப்பியிலேயே உறைந்து கிடக்கும்.

வாங்கும் நாள்

எனக்குப் பட்டை, கூலி, பித்தளை ஆணி எல்லாம் சேர்த்து 700 ரூபாய் ஆனது. கட்டை என்னுடையது. அலகு மாதிரியை அட்டையில் வெட்டிக் கொண்டுபோனேன். வாயால் சொன்னால் ஆசாரி கை பழக்கத்தில் அரிவாள் மூக்கு வைத்துவிடுவார். பெயர், முகவரி கேட்டால் தயங்காமல் கொடுங்கள். 2021இல் போலீஸ் சொன்னதிலிருந்து, யாருக்கு எதற்காக விற்றோம் என்று பட்டறைகளில் குறித்து வைக்கிறார்கள்.

முதல் ஒரு மாதம் கத்தியை வேலையில் வைத்துப் பழகுங்கள், பரணில் வைத்துக் காக்காதீர்கள். குறை இருந்தால் அதற்குள் தலைகாட்டிவிடும். என் கத்தியை மூன்றாவது வாரமே திரும்பக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. ஆணித்தலை ஒன்று லேசாக எழும்பியிருந்தது. ஆசாரி அடைகல்லில் வைத்து இரண்டு தட்டுத் தட்டினார், காசு வாங்கவில்லை. சுவரில் பார்த்தேன். துருத்திக்கு மேலே ஆணியில் என் பழைய கத்தியின் ஒடிந்த அலகு தொங்கிக்கொண்டிருந்தது, அந்த நகத்தளவு வால் முன்னால் தெரியும்படி.

“இது இன்னும் இங்கேயா இருக்கு?” என்றேன்.

“கத்தி கேட்டு வர்றவங்களுக்கு மொதல்ல அதைத்தான் காட்டுறேன் தம்பி” என்றார்.